ஜெனரிக்கும் மரபுரிமையும் மோதினால் எதை விடுவது? கொள்முதல் நிரலுக்கு நான்கு வழிகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் கொள்முதல் கணக்குக்கு நிரல் எழுதும் பலர் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கேள்விதான் வேறு வேறு முகத்துடன் வருகிறது. தேயிலைக் கொள்முதல் பட்டியலைப் பொதுக் கொள்முதல் பட்டியல் கேட்கும் இடத்தில் கொடுத்தால் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) ஏன் மறுக்கிறது? சேய் கிளாஸில் வகையைக் குறித்த பிறகு பேரக் கிளாஸில் அதை இன்னும் சுருக்க ஏன் முடியவில்லை? ஒரே இன்டர்ஃபேஸை (ஒரு கிளாஸ் தந்தாக வேண்டிய செயல்களின் பட்டியலை) இரண்டு வகைகளுக்கு ஒரு கிளாஸில் எழுதினால் என்ன கெட்டுவிடும்?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஜெனரிக் அளவுரு என்பது கிளாஸைப் பயன்படுத்துகிறவர் நிரப்ப வேண்டிய வெற்றிடம். மரபுரிமையோ, சேய் கிளாஸ் தாய் கிளாஸின் இயல்புகளைப் பெறுவது; கிளாஸை எழுதும்போதே முடிவாகிவிடும் உறவு. தாய் கிளாஸில் வெற்றிடம் விட்டுச் சேய் கிளாஸில் அதை நிரப்பினால், அதற்குக் கீழே பிறக்கும் அத்தனை கிளாஸ்களும் அந்த நிரப்பலுக்குக் கட்டுப்பட வேண்டும். இந்தக் கட்டு இருப்பதை இரண்டு தலைமுறை கழித்துத்தான் பலரும் கவனிக்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு சேகரிப்பு மையத்தை எடுத்துக்கொள்வோம். சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை, கேரட், பூண்டு மூன்றையும் அது வாங்குகிறது. பச்சைத் தேயிலைக்கு எடைபோட்ட நேரத்தில் விலை கிடையாது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு போக நிகர எடை மட்டும் பதிவாகும். குன்னூர் ஏலம் வாரந்தோறும் நடக்கிறது. தூள் விற்ற சராசரியை ஒட்டித்தான் இலைக்கு மாத விலை வரும். கேரட்டின் கதை வேறு. கேத்தி பாலாடா போன்ற இடங்களில் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் விற்றவுடன் விலை தெரிந்துவிடும். பூண்டைக் காயவைத்து, பருமன் வாரியாகப் பிரித்த பிறகே விலை பேச முடியும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே இதே நிரலை எழுதுகிறவர் பூண்டுக்குக் கீழே இன்னொரு தலைமுறையைச் சேர்க்க விரும்புவார். அவருக்கும் இந்தச் சிக்கல் அப்படியே பொருந்தும்.

கீழே வரும் நிரல் துண்டுகள் எலும்புக்கூடுகள் மட்டுமே. ‘ப’ என்பது வகை அளவுரு. ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்றால் அடுத்து வரும் வகையின் சேய் என்று பொருள். ஜாவா மொழியில் கிளாஸ் பெயர்களையும் மாறிகளையும் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், பெயர்களை உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தவறு எங்கே வெளிப்படும் என்பது. கம்பைல் செய்யும்போதே தெரிந்தால் நிரல் எழுதியவருக்குத் தலைவலி. மாலை ஆறு மணிக்கு இலை மூட்டைகள் வரிசையில் நிற்கும்போது வெளிப்பட்டால் எடை போடுகிறவருக்குத் தலைவலி.

இரண்டாவது, பேரக் கிளாஸ் சாத்தியமா என்பது. தேயிலைக்குக் கீழே, ஆர்தடாக்ஸ் ரகத்துக்காகக் கையால் பறித்த இளந்தளிரைத் தனியாகக் கணக்கு வைக்க வேண்டி வரும். அன்றைக்கு வடிவமைப்பு வளைந்துகொடுக்குமா? நான் பார்த்தவரை, யாரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் இதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

மூன்றாவது, கலப்புப் பட்டியல். ஒரு நாளின் பேரேட்டில் தேயிலையும் கேரட்டும் பூண்டும் அடுத்தடுத்து வரும். அவற்றை ஒரே பட்டியலில் வைத்து நிகர எடையைக் கூட்ட முடிய வேண்டும்.

நான்காவது, படிப்பவர் சுமை. அடுத்த வருடம் வேலைக்குச் சேரும் பையன் கிளாஸின் தலைப்பு வரியைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஐந்தாவது, புதிய சரக்கு ஒன்று வந்தால் எத்தனை கோப்புகளைத் தொட வேண்டியிருக்கும் என்பது.

வேகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எடை மையத்தின் நிரலில் நேரம் போவது தராசிலும் பிரிண்டரிலும்தான்.

## வழி 1: தாய் கிளாஸிலேயே அளவுரு

எல்லோரும் முதலில் எழுதுவது இதுதான்.

கிளாஸ் கொள்முதல்<ப எக்ஸ்டெண்ட்ஸ் விளைபொருள்>
கிளாஸ் தேயிலைக்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<தேயிலை>
கிளாஸ் கேரட்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<கேரட்>

இரண்டு தலைமுறைக்கு இது அழகாக இருக்கும். தேயிலைக்கொள்முதலில் ‘சேர்’ என்ற மெத்தடுக்கு (கிளாஸுக்குள் எழுதும் செயலுக்கு) கேரட்டைக் கொடுத்தால் கம்பைலரே தடுத்துவிடும்.

மூன்றாம் தலைமுறையில் வருகிறது சங்கடம். கைப்பறிப்புக்கொள்முதல் தேயிலைக்கொள்முதலின் சேயாக இருந்தால், அதற்குள்ளும் ‘ப’ என்பது தேயிலைதான். கைப்பறிப்பிலை என்று அதைச் சுருக்க வழியில்லை. நடுக் கிளாஸை முடிவு செய்யாமல் திறந்தே வைக்கலாம்: தேயிலைக்கொள்முதல்<ப எக்ஸ்டெண்ட்ஸ் தேயிலை> எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<ப>. கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சாதாரணத் தேயிலைக்கும் இனி ஒவ்வொரு இடத்திலும் தேயிலைக்கொள்முதல்<தேயிலை> என்று எழுத வேண்டும். அதோடு தேயிலைக்கொள்முதல்<கைப்பறிப்பிலை> என்பது தேயிலைக்கொள்முதல்<தேயிலை> ஆகிவிடாது. இலைகளுக்குள் உறவு உண்டு, கொள்முதல்களுக்குள் அந்த உறவு இல்லை.

ஒப்பிடும் இன்டர்ஃபேஸில் இதே கட்டு இன்னும் இறுக்கமாகத் தெரியும். விளைபொருள் கிளாஸ் கம்பேரபிள்<விளைபொருள்> என்று அறிவித்துவிட்டால், ஜாவாவில் அதன் சேயான தேயிலை கம்பேரபிள்<தேயிலை> என்று மறுபடி அறிவிக்க முடியாது. ஒரே இன்டர்ஃபேஸை இரண்டு வெவ்வேறு அளவுருக்களுடன் ஒரு கிளாஸ் சுமக்கக் கூடாது என்பது விதி. சி ஷார்ப் மொழி இதை அனுமதிக்கிறது. அனுமதிப்பதாலேயே அங்கே வேறொரு பொறி உண்டு. விளைபொருள் பட்டியலாக வைத்து வரிசைப்படுத்தினால் ஒரு வரிசையும், தேயிலைப் பட்டியலாக வைத்தால் இன்னொரு வரிசையும் வரலாம். உள்ளே இருப்பவை அதே பொருள்கள்தான்.

ஜாவா ஏன் இப்படி? 2004இல் ஜாவா 5 வழியாக ஜெனரிக் வந்தபோது, அதற்கு முன் எழுதப்பட்ட நூலகங்களும் நிரல்களும் புதியவற்றுடன் சேர்ந்து ஓட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதனால் கம்பைல் ஆனதும் அளவுரு அழிக்கப்படுகிறது. ஓடும் நேரத்தில் பட்டியல்<தேயிலை>, பட்டியல்<கேரட்> இரண்டும் வெறும் பட்டியல். அச்சிடு(பட்டியல்<தேயிலை>), அச்சிடு(பட்டியல்<கேரட்>) என்று ஒரே கிளாஸில் இரண்டு மெத்தடுகளை எழுத முடியாததற்கும், ‘ப’ வகையில் புதிய பொருளை நேராக உருவாக்க முடியாததற்கும், ஜெனரிக் கிளாஸை எக்செப்ஷனாக்க (ஓடும்போது எழும் பிழை அறிவிப்பாக்க) முடியாததற்கும் இந்த அழிப்புதான் காரணம். 2005இல் சி ஷார்ப் 2.0 வேறு பாதையில் போனது. அங்கே ஓடும் நேரத்திலும் வகை தெரியும்.

இந்த வேறுபாடு ரசீது எண்ணில் கடிக்கும். கொள்முதல்<ப> கிளாஸில் அடுத்த ரசீது எண்ணை ஸ்டாட்டிக் மாறியாக (தனிப் பொருளுக்கு அல்லாமல் கிளாஸுக்கே உரிய மாறியாக) வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். ஜாவாவில் எல்லாச் சரக்குக்கும் ஒரே எண் தொடர் ஓடும். அதே நிரலை அப்படியே சி ஷார்ப்புக்கு மாற்றினால் தேயிலைக்கு ஒரு தொடர், கேரட்டுக்கு ஒரு தொடர் என்று பிரிந்துவிடும். ஒரே நாளில் இரண்டு முதலாம் எண் ரசீதுகள் கிடைக்கும். எந்தக் கம்பைலரும் இதைப் பற்றி வாய் திறக்காது.

இன்னொரு மறைமுகச் செலவு பிரிட்ஜ் மெத்தட். தேயிலைக்கொள்முதலில் சேர்(தேயிலை) என்று நீங்கள் எழுதினால், தாயின் அழிக்கப்பட்ட வடிவத்துக்கு இணையாகக் கம்பைலர் தானாகவே இன்னொரு மெத்தடைச் செருகுகிறது. அளவுரு குறிக்காமல், வெறும் ‘கொள்முதல்’ என்று எழுதிய பழைய நிரல் கேரட்டை அனுப்பினால் எச்சரிக்கையுடன் கம்பைல் ஆகிவிடும். ஓடும்போது அந்தச் செருகிய மெத்தடில்தான் உடையும். பிழைச் சுவடு காட்டும் வரி எண்ணுக்குப் போய்ப் பார்த்தால் அது கிளாஸ் தொடங்கும் வரியாக இருக்கும். அங்கே தவறாக எதுவும் எழுதப்பட்டிருக்காது. புதிதாக வந்தவரைப் பைத்தியமாக்க இது ஒன்று போதும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அழிப்பு எல்லாவற்றையும் அழிப்பதில்லை. ‘எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<தேயிலை>’ என்று சேய் கிளாஸின் தலைப்பில் எழுதிய அளவுரு கிளாஸ் கோப்பில் தங்கிவிடுகிறது. ஓடும் நேரத்தில் கேட்டால் கிடைக்கும். ஜேசன் (JSON) வடிவத் தரவைப் படிக்கும் நூலகங்கள் சில, பெயரில்லாத சேய் கிளாஸ் ஒன்றை உருவாக்கச் சொல்லி வகையைக் கண்டுபிடிப்பது இந்த ஓட்டை வழியாகத்தான்.

இந்த வழி பொருந்துவது: தலைமுறை இரண்டோடு நிற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால்; சேய் கிளாஸ்களை எல்லாம் ‘ஃபைனல்’ என்று பூட்டத் தயாராக இருந்தால்.

## வழி 2: தன்னையே அளவுருவாகக் கொள்வது

கொள்முதல் பதிவைச் சங்கிலியாக எழுத விரும்புகிறவர்கள் இங்கே வந்து சேர்வார்கள். புதிய தேயிலைக்கொள்முதல்().எடை(42).சாக்கு(1).ஈரம்(4) என்பது போல. எடை என்ற மெத்தட் தாய் கிளாஸில் இருக்கிறது. அது திருப்பித் தருவது தாயின் வகை. ஈரம் என்பது தேயிலைக்கு மட்டும் உரியது. ஆகவே எடைக்குப் பிறகு ஈரத்தை அழைக்க முடியாமல் சங்கிலி அறுந்துபோகும்.

தீர்வாகச் சொல்லப்படுவது: கிளாஸ் கொள்முதல்<தான் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<தான்>>. சேய் கிளாஸ் தன் பெயரையே அளவுருவாகக் கொடுக்கும். தாயின் மெத்தடுகள் ‘தான்’ வகையைத் திருப்பித் தரும். 1989 முதலே ஆய்வுலகில் பேசப்பட்ட முறை இது. ஜாவாவின் ஈனம் (Enum) கிளாஸ் இப்படித்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சி பிளஸ் பிளஸ்காரர்கள் இதன் உறவுமுறை ஒன்றை விர்ச்சுவல் அழைப்பின் (எந்தக் கிளாஸின் மெத்தட் என்று ஓடும்போது முடிவாகும் அழைப்பின்) செலவைத் தவிர்க்கப் பயன்படுத்துகிறார்கள்.

கொடுக்கும் வாக்குறுதி பெரிது, காப்பாற்றுவது கொஞ்சம். கேரட்கொள்முதல் எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<தேயிலைக்கொள்முதல்> என்று கை தவறி எழுதினால் கம்பைலர் மறுக்காது. ‘தான்’ என்பது உண்மையிலேயே தானா என்று சோதிக்கும் திறன் அந்த அறிவிப்பில் இல்லை. ஏதோ ஒரு கொள்முதலாக இருந்தால் போதும். தாய் கிளாஸுக்குள் ‘திஸ்’ என்ற நடப்புப் பொருளைத் ‘தான்’ ஆக மாற்ற, சோதிக்கப்படாத காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) ஒன்றை எழுதியாக வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சேயும் நிரப்ப வேண்டிய ‘நான்()’ என்ற வெற்று மெத்தடை வைக்க வேண்டும்.

பேரக் கிளாஸ் சோதனையில் இது முதல் வழியைவிட மோசமாகத் தோற்கிறது. தேயிலைக்கொள்முதல் தன்னைக் கொடுத்து முடித்துவிட்டது. கைப்பறிப்புக்கொள்முதல் அதன் சேயாக வந்தால், சங்கிலி திருப்பித் தருவது தேயிலைக்கொள்முதலைத்தான். எந்த நோய்க்கு மருந்து சாப்பிட்டோமோ அதே நோய் அடுத்த தலைமுறையில் திரும்புகிறது. கலப்புப் பட்டியலுக்கோ பட்டியல்<கொள்முதல்<?>> என்று எழுத வேண்டும். அதைப் படிக்கும் பையன் முதலில் கேட்பது அந்தக் கேள்விக்குறி எதற்கு என்றுதான்.

இதற்கு எளிய மாற்று பலருக்கு நினைவில் வருவதில்லை. சேய் கிளாஸ் ஒரு மெத்தடை மீண்டும் எழுதும்போது, திருப்பித் தரும் வகையைத் தன் வகையாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஜாவா 5 முதல் இது உண்டு. சி ஷார்ப்பில் 2020இல், 9.0 பதிப்பில் கிளாஸ்களுக்கு வந்தது. ஒவ்வொரு சேயிலும் சில வரிகள் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். டைப்ஸ்கிரிப்ட், பைத்தான் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம். டைப்ஸ்கிரிப்டில் ‘திஸ்’ என்பதையே திருப்பித் தரும் வகையாக எழுதலாம்; பைத்தான் 3.11 (2022) ‘செல்ஃப்’ என்ற வகைக்குறிப்பைத் தந்துவிட்டது. இரண்டும் எந்தத் தலைமுறைக்கும் தாமாகவே பொருந்தும்.

இந்த வழி பொருந்துவது: பிறர் பயன்படுத்தும் நூலகம் எழுதுகிறவருக்கு, அதுவும் பொருளைக் கட்டி முடித்துத் தரும் பில்டர் கிளாஸ்களில். எடை மையத்து நிரலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 3: உறவைத் தளர்த்துவது

பட்டியல்<தேயிலை> ஏன் பட்டியல்<விளைபொருள்> ஆகாது என்ற கேள்வியை இங்கே முடித்துவிடலாம். ஆகும் என்று விட்டால், விளைபொருள் பட்டியல் என்ற பெயரில் அதை வாங்கிக்கொண்ட மெத்தட் ஒன்று அதில் கேரட்டைப் போடும். தேயிலை என்று நம்பி எடுக்கிறவர் கையில் கேரட் வரும். ஜாவாவின் அரே (நீளம் மாறாத வரிசை) இந்தத் தவறைச் செய்தது. தேயிலை அரேயை விளைபொருள் அரே என்று கொடுக்கலாம், கேரட்டைத் திணிக்கலாம், கம்பைலரும் சும்மா இருக்கும். ஓடும்போது அரேஸ்டோர் எக்செப்ஷன் வரும். சி ஷார்ப்பும் தன் அரேக்களில் இதே பாதையில்தான் நடந்தது.

ஆனால் பட்டியலிலிருந்து எடுக்க மட்டுமே போகிறோம் என்றால் ஆபத்து இல்லை. ஜாவாவில் பட்டியல்<? எக்ஸ்டெண்ட்ஸ் விளைபொருள்> என்று கேட்கும் இடத்தில் எழுதுகிறோம். எடுக்கலாம், போட முடியாது. போட மட்டும் வேண்டுமென்றால் ‘? சூப்பர்’. கோட்லின் மொழியில் கிளாஸை அறிவிக்கும்போதே ‘அவுட்’ (எடுக்க மட்டும்) அல்லது ‘இன்’ (போட மட்டும்) என்று குறித்துவிடலாம். சி ஷார்ப்பில் 2010 முதல் இது இருக்கிறது, ஆனால் இன்டர்ஃபேஸுக்கும் டெலிகேட்டுக்கும் (மெத்தடைச் சுட்டும் வகைக்கும்) மட்டும், கிளாஸுக்குக் கிடையாது.

மாத அறிக்கை, நிகர எடைக் கூட்டல், விவசாயி வாரியான பட்டுவாடாத் தாள் எல்லாம் எடுக்க மட்டும் செய்பவை. அங்கெல்லாம் இந்த வழி கச்சிதம். முதல் வழியில் பார்த்த கம்பேரபிள் கட்டுக்கும் மருந்து இங்கேதான் இருக்கிறது. தேயிலை தனக்கென ஒப்பீடு வைத்திருக்க வேண்டியதில்லை, தாயின் ஒப்பீடே போதும் என்று கேட்கும் மெத்தட் சொன்னால் தீர்ந்தது. ஜாவாவின் நிலையான நூலகத்தில் மிகப் பெரியதைத் தேடும் மெத்தட் கம்பேரபிள்<? சூப்பர் ப> என்று கேட்பது இதற்காகத்தான். அதே அறிவிப்பில் ‘ப எக்ஸ்டெண்ட்ஸ் ஆப்ஜெக்ட்’ என்று தேவையற்றதுபோல் ஒரு சொல் முன்னால் நிற்கும். அழிப்புக்குப் பிறகு மெத்தட் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது அது. 2004க்கு முந்தைய நிரல்களுக்காக இன்னும் நிற்கும் முட்டு.

மரபுரிமைக்குள் இந்தக் கேள்விக்குறியைக் கொண்டுவர முடியாது என்பது முக்கியமான எல்லை. எக்ஸ்டெண்ட்ஸ் கொள்முதல்<?> என்று எந்தக் கிளாஸும் அறிவிக்க முடியாது. தாய் யார் என்பது திட்டவட்டமாகத் தெரிய வேண்டும். எடுப்பதும் போடுவதும் இரண்டையும் செய்யும் கிளாஸுக்கு ‘அவுட்’ போடவும் கம்பைலர் விடாது. ஆக, கொள்முதல் கிளாஸையே தளர்த்த முடியாது. அதைப் படிக்கும் இடங்களை மட்டும் தளர்த்தலாம்.

மறைமுகச் செலவு பிழைச் செய்தியில் இருக்கிறது. ‘கேப்சர் ஆஃப் ?’ என்று தொடங்கும் ஜாவாவின் செய்தியை முதல் வாசிப்பில் புரிந்துகொண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு நடைமுறை விதி உதவும்: கேள்விக்குறியை மெத்தட் வாங்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள், திருப்பித் தரும் இடத்தில் எழுதாதீர்கள். திருப்பித் தந்தால் அழைக்கும் ஒவ்வொருவர் நிரலிலும் அது பரவும்.

## வழி 4: மரபுரிமையை விட்டுவிட்டு விதிகளை உள்ளே வைப்பது

முதல் மூன்று வழிகளும் ஒன்றைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டன. தேயிலைக் கொள்முதலும் கேரட் கொள்முதலும் வேறு வேறு கிளாஸ்கள் என்பதை. உண்மையில் எது வேறுபடுகிறது? விவசாயியின் பெயர், தேதி, மொத்த எடை, நிகர எடை எல்லாம் ஒன்றுதான். வேறுபடுபவை இரண்டு: கழிவு கணக்கிடும் முறை, விலை முடிவாகும் முறை. இலைக்கு ஈரமும் சாக்கும் கழிய வேண்டும், கேரட்டுக்கு மூட்டைக் கணக்கு. இலைக்கு விலை மாத இறுதியில், கேரட்டுக்கு மண்டியில் விற்றதும்.

தாய் கிளாஸில் விலை() என்று ஒரு மெத்தட் வைத்தால் தேயிலை என்ன திருப்பித் தரும்? பூஜ்யமா, வெறுமையா, எக்செப்ஷனா? எதைத் தந்தாலும் பொய். அளவுருவை எவ்வளவு சாமர்த்தியமாக வைத்தாலும் இந்தப் பொய்யைச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் பிளவு சரக்கின் வகையில் இல்லை, விலை வரும் நேரத்தில் இருக்கிறது. இதைக் கண்டுகொண்டால் பாதி ஜெனரிக் சண்டை தானாக அடங்கும்.

எனவே:

ஃபைனல் கிளாஸ் கொள்முதல்<ப எக்ஸ்டெண்ட்ஸ் விளைபொருள்>
உள்ளே: ப சரக்கு, கழிவுவிதி<? சூப்பர் ப> கழிவு, விலைவிதி<? சூப்பர் ப> விலை

கொள்முதலுக்குச் சேய் கிடையாது. சேய் இல்லாததால் அளவுரு யாரையும் கட்டிப்போடாது. கொள்முதல்<கைப்பறிப்பிலை> வேண்டுமென்றால் நேராக எழுதிக்கொள்ளலாம், புதிய கிளாஸ் வேண்டாம். விதிகளில் ‘? சூப்பர்’ இருப்பதால், தேயிலைக்கு எழுதிய ஈரக் கழிவு விதியைக் கைப்பறிப்பிலைக்கும் அப்படியே கொடுக்கலாம். கேரட்டின் மூட்டை விதியைத் தேயிலைக் கொள்முதலுக்குக் கொடுத்தால் கம்பைலர் தடுக்கும். விலைவிதி திருப்பித் தருவது எண்ணாக இல்லாமல் ‘முடிவானது’, ‘காத்திருப்பது’ என்ற இரண்டில் ஒன்றாக இருக்கட்டும். மழை மாதங்களில் ஈரக் கழிவை மாற்றினால் தொட வேண்டியது ஒரே ஒரு விதி.

செலவு இல்லாமல் இல்லை. எந்தச் சரக்குக்கு எந்த விதி என்று இணைக்கும் இடம் ஒன்று வேண்டும்; அந்த இடம் நாளடைவில் ஊதும். ஒரு கொள்முதல் என்ன செய்கிறது என்று அறிய மூன்று கோப்புகளைத் திறக்க வேண்டும். தரவுத்தளத்திலிருந்து பதிவைப் படிக்கும்போது விதியை எண்ணாலோ பெயராலோ தேடி இணைக்க வேண்டும். கம்பைலர் கொடுத்த பாதுகாப்பு அந்த எல்லையில் நின்றுவிடுகிறது. தவறான விதி எண் சேமிக்கப்பட்டால் எடை மையத்தில்தான் தெரியவரும்.

ஜாவா 17 (2021) அல்லது அதற்குப் பின் வந்த பதிப்பு உங்களிடம் இருந்தால் இதன் கிளைவழி ஒன்றையும் பாருங்கள். ‘சீல்டு’ இன்டர்ஃபேஸின் கீழே தேயிலை, கேரட், பூண்டு என்று சரக்குகளை அடைத்துவிட்டு, ஸ்விட்ச் எழுதிப் பிரிப்பது. 21ஆம் பதிப்பில் (2023) ஸ்விட்ச் வகை பார்த்துப் பிரிக்கும் வசதி முழுமையானது. புதிதாகப் பீட்ரூட் சேர்ந்தால், அதைக் கவனிக்காத ஒவ்வொரு ஸ்விட்சையும் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். நீங்கள் ‘டீஃபால்ட்’ எழுதி வாயை அடைக்காத வரை. சரக்குகள் நான்கைந்துக்கு மேல் போகாத மையத்துக்கு இதுவே போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தாயில் அளவுரு | தன்னையே அளவுருவாக | உறவைத் தளர்த்துவது | விதிகளை உள்ளே வைப்பது |
|---|---|---|---|---|
| தவறு வெளிப்படும் இடம் | பெரும்பாலும் கம்பைலில்; பழைய நிரலுடன் கலந்தால் ஓடும்போது | தவறான ‘தான்’ கம்பைலிலும் தப்பும் | கம்பைலில், புரியாத செய்தியுடன் | கம்பைலில்; தரவுத்தள எல்லையில் ஓடும்போது |
| பேரக் கிளாஸ் | நடுக் கிளாஸைத் திறந்து வைத்தால் மட்டும் | சங்கிலி அறுகிறது | மரபுரிமைக்குள் உதவாது | தேவையே எழாது |
| கலப்புப் பட்டியல் | ஜாவாவில் ‘?’, சி ஷார்ப்பில் ஜெனரிக் அல்லாத தாய் வேண்டும் | கடினம் | இதற்கென்றே உள்ளது | முதல் வழியைப் போலவே |
| படிப்பவர் சுமை | குறைவு | அதிகம் | நடுத்தரம் | வரி எளிது, கோப்புகள் அதிகம் |
| புதிய சரக்கு | ஒரு சேய் கிளாஸ் | ஒரு சேய் கிளாஸ் | மாற்றம் இல்லை | ஒன்றிரண்டு விதிகள் |

## யாருக்கு எது

கல்லூரிச் செயல்திட்டமாக எழுதுகிறீர்கள், ஒரே பருவத்தில் முடிந்துவிடும் என்றால் முதல் வழியே போதும். தேர்வாளர் மரபுரிமை எங்கே என்று கேட்பார்; காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

உண்மையான மையத்தில் வருடக்கணக்கில் ஓடப்போகும் நிரல் என்றால் நான்காவது வழியை எடுங்கள்; அறிக்கை எழுதும் இடங்களில் மட்டும் மூன்றாவதைச் சேருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. சி பிளஸ் பிளஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு. ஜாவாவும் சி ஷார்ப்பும் தடுக்கும் ஒன்றை உங்கள் மொழி அனுமதிக்கிறது: அளவுருவையே தாயாகக் கொள்ளும் கிளாஸ். ‘ரசீதுள்ள<ப>’ என்று எழுதி எந்தக் கொள்முதலின் மேலும் ரசீது வசதியைப் போர்த்தலாம். ஆனால் டெம்ப்ளேட் (சி பிளஸ் பிளஸின் ஜெனரிக்) மெத்தடை விர்ச்சுவல் ஆக்க முடியாது. கொள்முதல்<தேயிலை>யும் கொள்முதல்<கேரட்>டும் ஜெனரிக் அல்லாத பொதுத் தாய் இல்லாவிட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அந்நியர்கள்.

## ஏற்கெனவே முதல் வழியில் எழுதிவிட்டவர்களுக்கு

மொத்தமாகக் கலைத்து எழுத வேண்டாம். முதலில் கொள்முதல்<ப>வுக்கு மேலே ஜெனரிக் அல்லாத இன்டர்ஃபேஸ் ஒன்றை வையுங்கள். விவசாயி எண், தேதி, நிகர எடை என்று ‘ப’ வராத மெத்தடுகள் மட்டும் அதில் இருக்கட்டும். பேரேடும் கூட்டலும் அதைக் கொண்டு ஓடட்டும். நிரலில் கேள்விக்குறிகள் பாதி அங்கேயே உதிரும்.

அடுத்து, சேய் கிளாஸ்கள் எல்லாவற்றையும் ‘ஃபைனல்’ ஆக்கிப் பாருங்கள். கம்பைலர் எங்கே கத்துகிறதோ அங்கேதான் யாரோ மூன்றாம் தலைமுறையைச் சத்தமில்லாமல் தொடங்கியிருக்கிறார்கள். ‘அன்செக்ட்’ எச்சரிக்கைகளையும் இதே சமயத்தில் இயக்கிவிடுங்கள். அளவுரு குறிக்காத பழைய அழைப்புகள் வரிசையாக வெளியே வரும்.

அதன் பிறகே விலை, கழிவு இரண்டையும் விதிகளாக வெளியே எடுங்கள். கேரட்டில் தொடங்குவது நல்லது. அதன் கணக்கு ஒரே படியில் முடிகிறது. தேயிலையைக் கடைசிக்கு வையுங்கள். மாத விலை அறிவிக்கப்பட்டு, பட்டுவாடா முடிந்து, காத்திருக்கும் பதிவு ஒன்றும் இல்லாத நாளாகப் பார்த்து மாற்றுங்கள். பாதி மாதம் பழைய கிளாஸிலும் பாதி மாதம் புதிய விதியிலும் கிடந்தால், விலை வரும் அன்று எந்த மூட்டைக்கு எந்த முறையில் கழிவு போட்டோம் என்று விவசாயிக்கு விளக்க வேண்டியவர் எடை மையத்து எழுத்தர். அவருக்கு ஜெனரிக் பற்றி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.